பிசகாத பரிசோதனைகள்

பரிசோதனை இசை, முற்போக்கு றொக் என்ற பெயர்களில் இப்போது வெளிவரும் அல்பங்களைப் போலக் கேட்பவர்மேல் இரக்கம் கொண்ட இசை வேறில்லை. முதல் ஐந்து நிமிடம் கேட்டால் போதும். அதன்பின் எதிர்பாராத எதுவும் நம்மை வந்து தாக்காது.

ட்ரீம் தியேட்டரை எடுங்கள். 2010இல் விலகிய ட்ரம்ஸ் கலைஞர் மைக் போர்ட்னோய் 2023இல் திரும்பினார். 2025 பெப்ரவரியில் ‘பராசோம்னியா’ வந்தது. இடையில் போன பதின்மூன்று வருடம் அந்த இசையில் ஒரு கீறலும் போடவில்லை. விட்ட இடத்திலேயே தொட்டிருக்கிறார்கள். உறக்கக் கோளாறுகளைப் பாடும் எழுபது நிமிட அல்பம் அது. யாருடைய உறக்கத்தையும் கெடுக்காது.

டூல் குழுவும் பதின்மூன்று வருடம் பொறுத்து, 2019இல் ‘ஃபியர் இனாக்குலம்’ தந்தது. ஏழின் கணக்கில் அதைக் கட்டியிருக்கும் நுணுக்கத்துக்குத் தலைவணங்க வேண்டும். கோணேசர் திருவிழாவில் தவில்காரர் மிஸ்ர சாப்பு வாசித்தபோது ஏழை எண்ண எங்களுக்குத் தோன்றியதேயில்லை, கால் தன்பாட்டில் நடந்தது. டூல் அல்லவா உட்கார்த்தி வைத்து எண்ணக் கற்றுத்தந்தது!

பெங்களூரின் அகம் குழுவை இன்னும் கூடுதலாகப் போற்றுவேன். 2012இல் வந்த ‘தி இன்னர் செல்ஃப் அவேக்கன்ஸ்’ அல்பத்தில் தியாகராஜரின் ஹம்சநாதக் கீர்த்தனை ‘பண்டுரீதி’ இருக்கிறது. பெரியவர் வீட்டுக்கு வந்த மருமகனைப் போலக் கிற்றார் செருப்பை வாசலில் கழற்றிவிட்டு நுழைகிறது. ஹரீஷ் சிவராமகிருஷ்ணனின் குரல் எழும்போது வழிவிடுகிறது, ஓய்ந்ததும் கொஞ்சம் உரக்கப் பேசுகிறது, மறுபடி ஒதுங்குகிறது. எவ்வளவு பண்பு! ராகத்துக்கும் றொக்குக்கும் ஒரு சிராய்ப்பும் இல்லை. இரண்டும் வந்த கோலத்திலேயே திரும்பிப் போகின்றன.

இந்த ஒழுக்கம் எங்கள் துறைமுகத்துக்கு வாய்க்கவில்லை. 1639இல் போர்த்துக்கேயர் திருகோணமலைக் கோட்டையை ஒல்லாந்தரிடம் இழந்தார்கள். அவர்களுடைய பாட்டு கப்பலேற மறுத்துவிட்டது. பாலையூற்றுப் பறங்கியர் வீடுகளில் அது கிரியோல் மொழியில், ஆறெட்டுத் தாளத்தில் கப்ரிஞ்ஞாவாகத் தங்கியது. அதே தாளத்தின்மேல் சிங்களச் சொல்லை ஏற்றிப் பொலிஸ்காரரான வொலி பஸ்தியன் 1940களில் பைலாவுக்குப் புது உருவம் கொடுத்தார். கல்யாண வீட்டில் வயலின் சுருதி விலகும், ஆடுகிறவர்கள் தாளத்தைத் தங்கள் பக்கம் இழுப்பார்கள், பாட்டு உருமாறிப்போகும். அதற்குப் பரிசோதனை என்று பெயர் வைக்க யாருக்கும் நேரம் இருக்கவில்லை. அதற்குள் பாட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டது.

ஸ்டீவன் வில்சனிடம் அப்படி எதுவும் கைநழுவுவதில்லை. 2025 மார்ச்சில் வந்த ‘தி ஓவர்வியூ’ இரண்டே பாட்டு, நாற்பத்திரண்டு நிமிடம். விண்வெளியிலிருந்து பூமியைப் பார்ப்பவர்களின் மனமாற்றம் அதன் பொருள். எங்களையும் அவ்வளவு தூரத்தில் வைத்தே பார்க்கிறது. ஒவ்வொரு ஒலியும் அதனதன் இடத்தில் துலங்குகிறது. கிங் கிறிம்சன் குழுவின் பழைய ஒலிநாடாக்களைப் புதுக்கித் தந்தவரும் இதே வில்சன்தான். 1969இல் எங்கே போகிறோம் என்று தெரியாமலே புறப்பட்டவர்களின் முதல் அல்பத்தில் மெல்லொட்ரொன் எழும்பி அடிக்கும் அந்த அலையை இன்று துல்லியமாகக் கேட்கிறேன் என்றால் அது அவர் போட்ட பிச்சை. ‘தி ஓவர்வியூ’ முடிந்த கையோடு நான் போடுவதும் அதைத்தான்.