காந்த மலையும் கயிற்றுக் கப்பலும்

உலகத்துக்கே வரைபடம் போட்ட டாலமி, கி.பி. 150 வாக்கில் அலெக்சாண்டிரியாவில் உட்கார்ந்துகொண்டு, மாலுமிகள் சொன்னதைக் கேட்டு எழுதியவர். கொற்கையில் முத்துக் குளிக்கிறார்கள் என்று அவருக்குச் சொன்ன ஆள் யோக்கியன். இன்னொருவன் வந்து, கீழைக் கடலில் மணியோலை என்று பத்துத் தீவுகள் உண்டு, இரும்பாணி அடித்த கப்பலைக் காந்தக்கல் இழுத்துப் பிடித்துக்கொள்ளும், அங்கே குடியிருப்பவர்கள் மனிதனைத் தின்பவர்கள் என்று அளந்துவிட்டான். மிளகு வாங்க வேறு எவனும் அந்தப் பக்கம் போய்விடக் கூடாது என்று நினைத்த வியாபாரியாகத்தான் இருக்க வேண்டும். டாலமி இரண்டையும் ஒரே மையில் எழுதி வைத்தார்.

பின்னால் எழுதிய பல்லாடியஸ் பத்துத் தீவை ஆயிரமாக்கி, இலங்கையைச் சுற்றித் தெளித்துவிட்டார். காயல்பட்டினம் கடற்கரையில் நின்றால் எதிர்த்தாற்போல் என்று வைத்துக்கொள்ளுங்கள். நம்மூர் வலைக்காரர்களுக்கு இந்தச் சேதி எட்டவில்லை. அவர்கள் பாட்டுக்கு மீன் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

ஆறாம் நூற்றாண்டில் புரோகோபியஸ் என்ற பைசாந்திய வரலாற்றாசிரியர்தான் கொஞ்சம் யோசித்தார். காந்தப் பாறை எல்லாம் கதை, ரோமாபுரிக் கப்பல்கள் இவ்வளவு இரும்போடு செங்கடலில் போய்வருகின்றன, எதுவும் ஒட்டிக்கொள்ளவில்லையே என்றார். சபாஷ். அத்தோடு பேனாவை மூடியிருக்கலாம். இந்தியர்கள் கப்பலைக் கயிற்றால் தைப்பதற்குக் காரணம் அவர்களிடம் இரும்பே கிடையாது என்று அடுத்துச் சொன்னார். காயலிலிருந்து தாமிரபரணியோடு மேற்கே போனால் ஆதிச்சநல்லூர். 1899 முதல் அலெக்சாண்டர் ரீ அங்கே தோண்டியபோது, செத்தவர்களோடு புதைத்த இரும்பு வாளும் ஈட்டியும் மண்வெட்டியும் குவியலாக வந்தன. பக்கத்திலே சிவகளை. அங்கே இரும்பின் காலம் கி.மு. 3345 வரை போகிறது என்று 2025 ஜனவரியில் தமிழக அரசு வெளியிட்ட அறிக்கை சொல்கிறது. பிணத்துக்கே வாள் கொடுத்து அனுப்பிய ஊரில் கப்பலுக்கு நாலு ஆணி கிடைக்காமலா போயிருக்கும்?

வெள்ளைக்காரனை மட்டும் கேலி செய்வது நியாயமில்லை. போஜராஜன் பெயரில் வழங்கும் ‘யுக்திகல்பதரு’ என்ற வடமொழி நூல், கடலில் காந்தப் பாறை இருக்கிறது, ஆகவே கப்பலின் அடிப்பலகையை இரும்பால் பிணைக்காதே என்று கண்டிப்பாகச் சொல்கிறது. போஜனின் தார் நகரம் மாளவத்தில் இருக்கிறது. அங்கிருந்து கடலைப் பார்க்கவே பல நாள் பயணம். கடலுக்கு எட்டத்தில் இருப்பவர்களுக்குத்தான் கடலைப் பற்றித் தெளிவான கருத்து இருக்கும். ஆயிரத்தொரு இரவுகள் கதையிலோ காந்த மலையை நெருங்கியதும் ஆணிகள் எல்லாம் பிடுங்கிக்கொண்டு பறக்கின்றன. கப்பல் பலகை பலகையாகக் கழன்று விழுகிறது.

இனி காயல். பழையகாயல், புன்னைக்காயல், காயல்பட்டினம் என்று மூன்று இருப்பதால், 1290களில் மார்க்கோ போலோ வந்து இறங்கிய காயல் எது என்பதில் வழக்கு இன்னும் முடியவில்லை. கால்டுவெல் பாதிரியார் பழையகாயலுக்குத் தீர்ப்பு எழுதினார். காயல்பட்டினத்துக்காரர்களிடம் அந்தத் தீர்ப்பைச் சொல்லிவிட்டு ஒரு வாய் தண்ணீர் கேட்டுப் பாருங்கள். தண்ணீர் தருவார்கள், நல்ல மனுசர்கள்தான். கூடவே மேல்முறையீட்டையும் ஒரு மணி நேரம் வாசித்துக் காட்டுவார்கள். நான் இந்த வம்புக்குப் போகவில்லை. எந்தக் காயலாக இருந்தாலும் கப்பலில் வந்தது குதிரை.

அந்தக் கப்பலை போலோ ஹோர்முஸ் துறைமுகத்தில் பார்த்தார். பார்த்ததும் அடிவயிறு கலங்கிவிட்டது. ஆணி இல்லை, தென்னை நார்க் கயிற்றால் தைத்த பலகை. தார் இல்லை, மீன் எண்ணெய் பூச்சு. ஒரு பாய்மரம், ஒரு பாய், ஒரு சுக்கான், மேல்தளம் கிடையாது. சரக்கை அடுக்கி, அதன்மேல் தோலை விரித்து, தோலின்மேல் குதிரையை நிறுத்துவார்கள். இப்படியே இந்தியாவுக்கு. ஆணி ஏன் அடிப்பதில்லை என்று கேட்டதற்கு, மரம் கடினம், அடித்தால் மண்பானை மாதிரி விரிசல் விடும் என்று பதில் வந்ததாம். காந்தத் தீவு பற்றி யாரும் மூச்சுவிடவில்லை. கயிற்றில் தைத்த கலத்துக்கு வளைந்து கொடுக்கும் குணம் உண்டு. அலை அடிக்கும் மணல் கரையில் மோதினாலும் ஆணி அடித்ததைப் போல விறைத்து உடையாது. சென்னையில் துறைமுகம் கட்டும் முன்பு, கப்பலில் வந்த துரைமார்களைக் கரை சேர்த்த மசூலா படகும் தைத்த படகுதான்.

இதில் வேடிக்கை என்னவென்றால், அதே காலத்தில், 1282இல், பைலக் அல் கிப்ஜாக்கி என்பவர் இன்னொரு சேதி எழுதி வைத்திருக்கிறார். இந்தியக் கடலில் ஓடும் மாலுமிகள் இரும்புத் தகட்டில் ஒரு மீன் செய்து, அதற்குக் காந்தமேற்றி, தண்ணீரில் மிதக்கவிட்டு வடக்கு தெற்கு பார்க்கிறார்களாம். யோசித்துப் பாருங்கள். காந்தம் இழுத்துவிடும் என்று பயந்து கப்பலில் ஓர் ஆணிகூட அடிப்பதில்லை என்று உலகமே கதை சொல்கிறது. அந்தக் கப்பலின் நடுவில், கிண்ணத்துத் தண்ணீரில், காந்தமே மீனாக நீந்தி வழி சொல்லிக்கொண்டிருக்கிறது!

குதிரை வியாபாரத்தை வஸ்ஸாஃப் என்ற பாரசீக எழுத்தாளர் புட்டுப் புட்டு வைக்கிறார். ஒரு குதிரை 220 தினார், அதுவும் செம்பொன் தினார். கீஷ் தீவின் அதிபதி ஜமாலுத்தீன் வருடத்துக்கு 1400 குதிரை அனுப்புவதாக ஒப்பந்தம். வழியில் குதிரை செத்தாலும் பாண்டியன் கஜானா முழு விலையைக் கட்டிவிடும். விற்கிறவர் ஜமாலுத்தீன், பாண்டியனுக்கு அமைச்சராக இருந்து, காயல் உள்ளிட்ட துறைகளைப் பார்த்துக்கொண்டவர் அவருடைய சகோதரர் தகியுத்தீன். டெண்டர் விதிகள் அப்போதும் இப்படித்தான். துறைமுகத்தில் கணக்கெழுதியவர்கள் பேசிக்கொண்டதை யாரும் எழுதி வைக்கவில்லை. நான் எழுதுகிறேன்.

“காக்கா, நாலு குதிரை கடல்லயே மவுத்தாயிட்டு.”

“அதுக்கு ஏன்டா மொகத்த தொங்கப் போடுத? அதையும் சேத்து எழுது. மகராசா குடுப்பாக.”

உயிரோடு இறங்கிய குதிரைக்கும் ஆயுசு கெட்டியில்லை. சோற்றோடு வேகவைத்த இறைச்சியைக் கலந்து குதிரைக்குப் போடுகிறார்கள் என்று போலோ மலைக்கிறார். வஸ்ஸாஃப், நெய்யில் வதக்கிய தானியமும் காய்ச்சிய பசும்பாலும் என்கிறார். காயல்பட்டினத்தில் கல்யாண வீட்டுக் களரிச் சாப்பாடு சாப்பிட்டவர்களுக்கு இதில் மலைக்க ஒன்றுமில்லை. வந்த விருந்தாளி மனிதனா குதிரையா என்று பார்த்தா சஹனில் கறி வைப்பார்கள்? புல் தின்னப் பிறந்த அரபுக் குதிரை, கறிச்சோறு தின்று, நம் வெயிலில் படுத்து, அடுத்த வருடக் கப்பலுக்கு இடம்விட்டுக் கண்ணை மூடியது. போலோவுக்கு இந்த ஊரில் லாடம் அடிக்கத் தெரிந்தவர்கூட இல்லை என்ற குறை வேறு.

அதற்குப் பிறகு இந்தக் கதையில் ஐந்நூறு வருடம் பெரிதாக ஒன்றுமில்லை. போர்ச்சுகீசியர் வந்தார்கள், டச்சுக்காரர் வந்தார்கள், ஆணி அடித்த கப்பலில்தான் வந்தார்கள். எந்தத் தீவும் இழுக்கவில்லை. இழுத்திருந்தால் நமக்குப் பல தொல்லைகள் மிச்சம்.

1852இல் ஜான் ஆலன் பிரவுன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் திருவனந்தபுரம் வானாய்வு நிலையத்துக்கு வேலைக்கு வந்தார். மகாராஜா சம்பளம், நல்ல பங்களா. அதில் உட்கார்ந்து கடிதம் எழுதியே காலத்தை ஓட்டியிருக்கலாம். இவருக்கு ஒரு நமைச்சல்: கீழே இருக்கும் காந்த ஊசி ஆடுகிற மாதிரியே மலை உச்சியிலும் ஆடுமா? பார்த்துவிட வேண்டும். எந்த மலை? அகத்தியர் மலை! நம் தாமிரபரணி பிறக்கிற பொதிகை. ஆறாயிரம் அடிக்கு மேலே, அட்டையும் யானையும் அடைமழையும் குடித்தனம் நடத்துகிற உச்சியில், 1855இல் காந்த ஆய்வுக் கூடம் போட்டார்.

புராணம் தெரிந்தவர்களுக்குச் சிரிப்பு வரும். சிவன் கல்யாணத்துக்கு எல்லாரும் கயிலாயத்தில் கூடியதால் வடக்கு தாழ்ந்து தெற்கு தூக்கிக்கொண்டது. அதைச் சமன் செய்யத்தான் குறுமுனி இங்கே வந்தார். பிரவுன் துரைக்கும் சமன்தான் பிரச்சினை. காந்த ஊசியை மேலும் கீழுமாக ஆடும்படி தொங்கவிட்டால் லண்டனில் மூக்கு தரையைக் குத்தும். காந்த நடுக்கோட்டில் மட்டும் அது தராசு முள்ளாகப் படுத்திருக்கும். அந்தக் கோடு நம் தென்கோடியை ஒட்டித்தான் போகிறது. ஆக, வடக்கும் தெற்கும் சமமாகிற இடத்துக்கு முதலில் முனிவர் வந்தார், பிறகு ஸ்காட்லாந்துக்காரர் வந்தார். முனிவர் கமண்டலம் கொண்டுவந்தார். துரை கொண்டுவந்த கருவிகளைச் சுமந்தவர்கள் பெயர் யாருக்கும் தெரியாது. ஓரிடத்து ஊசி மட்டுமல்ல, உலகம் பூராவும் காந்தத்தின் வலிமை ஒரே நேரத்தில் ஏறி இறங்குகிறது, சூரியன் தன்னைச் சுற்றும் நாள்கணக்குக்கும் அதற்கும் உறவு இருக்கிறது என்று பிரவுன் கண்டுபிடித்தார். அகத்தியர் உச்சியில் அவர் கட்டிய கூடம் மழைக்குத் தாங்கவில்லை. அகத்தியர் இன்னும் அங்கேதான் இருக்கிறார்.

அந்தக் காந்த நடுக்கோட்டுக்காகத்தான் திருவனந்தபுரத்தை ஒட்டிய தும்பாவைத் தேர்ந்தெடுத்து, 1963 நவம்பர் 21 அன்று அங்கே முதல் ராக்கெட்டை விட்டார்கள். தலைக்கு மேலே நூறு கிலோமீட்டரில் பகல் நேரத்தில் ஓடும் மின்னோட்டத்தை ஆராயத் தோதான இடம் அது. திருநெல்வேலிக்குப் பக்கத்தில் கிருஷ்ணாபுரத்தில் இந்தியப் புவிகாந்தவியல் நிறுவனத்தின் ஆய்வுக் கூடம் இன்றைக்கும் அதே வேலையைச் செய்கிறது. கிருஷ்ணாபுரம் கோயில் சிலைகளைப் பார்க்கப் போகிறவர்கள் அதைத் தாண்டித்தான் போகிறார்கள்.

இப்போது கயிற்றுக்கு வருவோம். 1909இல் ஷோம்பர்க் என்ற ஜெர்மன் வேதியியலாளர், திருவிதாங்கூரிலிருந்து ஏற்றுமதியான தென்னை நார்க் கயிற்றில் ஒட்டியிருந்த மணலைப் பார்த்தார். மற்றவர்கள் தட்டிவிட்டுப் போயிருப்பார்கள். இவர் சோதித்தார். மோனசைட்! அதில் தோரியம், அந்தக் காலத்து கேஸ் விளக்கின் மேன்டிலுக்குத் தோரியம்தான் உயிர். அந்த மேன்டில் என்னவென்று தெரியாத தமிழர்களுக்கு ‘வைதேகி காத்திருந்தாள்’ படத்தில் கவுண்டமணி பாடம் நடத்தியிருக்கிறார். பாடத்தை செந்தில் எப்படிக் கசக்கினார் என்பதும் தெரிந்ததே. ஷோம்பர்க் நேரே மணவாளக்குறிச்சிக்கு வந்து ஆலை போட்டார். முதல் உலகப் போர் வந்ததும், மணல் அள்ளியவரை உளவாளி என்று பிடித்து உள்ளே வைத்துவிட்டார்கள்.

காந்தத்துக்குப் பயந்து எந்தக் கயிற்றால் கப்பலைத் தைத்தார்கள் என்று கதை கட்டினார்களோ, அதே நார்க் கயிறுதான் காந்த மணலை ஜெர்மனிக்குக் கொண்டுபோனது. அந்த மணலைப் பிரிப்பதும் காந்தத்தால்தான். இல்மனைட் ஓடிப்போய் ஒட்டும். கார்னெட் கொஞ்சம் பிகு செய்துவிட்டு வரும். மோனசைட்டுக்கு இன்னும் பலமான காந்தம் வேண்டும். சிர்கானும் ரூட்டைலும் திரும்பியே பார்க்காது.

காந்தக் கதையில் வத்திராயிருப்பு இயற்பியலாளர் கே.எஸ். கிருஷ்ணனை விட்டுவிட்டால் திருநெல்வேலிக்காரர்கள் சண்டைக்கு வருவார்கள். 1898இல் அவர் பிறந்தபோது அந்த ஊர் திருநெல்வேலி ஜில்லாதான், 1910இல்தான் இராமநாதபுரத்துக்குத் தள்ளிவிட்டார்கள். காந்தத்துக்கும் ஒளிக்கும் உறவு உண்டு என்று 1845இல் ஃபாரடே காட்டியிருந்தார்: கண்ணாடிக் கட்டிக்குக் காந்தத்தைக் காட்டினால், உள்ளே போகும் ஒளியின் அதிர்வுத் தளம் திரும்பிக்கொள்கிறது. திரவங்களில் காந்தம் ஒளியை என்ன பாடுபடுத்துகிறது என்று 1927இல் சி.வி. ராமனும் கிருஷ்ணனும் சேர்ந்து கணக்குப் போட்டார்கள். அடுத்த வருடம் ராமன் விளைவு. ஊரே அதைக் கொண்டாடிக்கொண்டிருக்க, கிருஷ்ணன் டாக்காவுக்குப் போய், படிகங்களை மெல்லிய குவார்ட்ஸ் இழையில் தொங்கவிட்டு, காந்தத்துக்கு நடுவே எந்தப் பக்கம் முறுக்கிக்கொள்கின்றன என்று பார்த்துக்கொண்டிருந்தார். அதில் ஒன்று நாப்தலீன். நாம் பீரோவில் துணிக்கு நடுவே போடும் பாச்சை உருண்டை! அது முறுக்கிக்கொள்ளும் அளவை வைத்தே, உள்ளே மூலக்கூறுகள் எந்தச் சாய்வில் படுத்திருக்கின்றன என்று சொல்லிவிட்டார். ராயல் சொசைட்டி 1940இல் அவரை உறுப்பினராக்கியது.

ஃபாரடே காட்டிய வித்தைக்கு வேலை கிடைக்க நூறு வருடத்துக்கு மேல் ஆனது. 1956இல் பிரான்சின் கிரனோபிளில் இட்ரியமும் இரும்பும் சேர்ந்த ஒரு கார்னெட்டைச் செய்தார்கள். அந்தக் குடும்பத்துப் படிகத்தில் ஒளி போகும்போது 45 பாகை திரும்பும். எதிரொலித்துத் திரும்பி வந்தால், பழைய நிலைக்கு வராமல் அதே பக்கம் இன்னும் 45 திரும்பி, வாசலில் மாட்டிக்கொள்ளும். ஒருவழிப் பாதை. கண்ணாடி இழையில் பேச்சு அனுப்பும் லேசரை அதன் சொந்த எதிரொலியிடமிருந்து காப்பாற்றுவது இதுதான். 2006இல் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் கடலடியில் இழை போட்டார்கள். வெளிநாட்டுப் பேரனோடு வீடியோவில் பேசும் உம்மா, பல கார்னெட் வாசல்களைக் கடந்துதான் “சாப்ட்டியா வாப்பா” என்று கேட்கிறார்.

நம் கரையில் செம்மண் நிறத்தில் கிடக்கும் கார்னெட்டும் அதே அமைப்புள்ள படிகம்தான். ஆனால் அதில் இருப்பது இரும்பும் அலுமினியமும் சிலிக்காவும். ஒளியைத் திருப்பப் பயன்படாது. இரும்பின் துருவைச் சுரண்டவும் தண்ணீர்ப் பீச்சலில் கலந்து கல்லை அறுக்கவும் அனுப்பினார்கள். அளவுக்கு மேல் அள்ளுகிறார்கள் என்று புகார் கிளம்பி, 2013இல் அரசு தடை போட்டது.

மோனசைட்டுக்கு வேறு யோகம். அதில் நியோடிமியம் இருக்கிறது. 1980களில் ஜப்பானிலும் அமெரிக்காவிலும் நியோடிமியத்தை இரும்போடும் போரானோடும் சேர்த்து, உலகிலேயே வலுவான நிலைக் காந்தத்தைச் செய்துவிட்டார்கள். மின்சார ஸ்கூட்டரின் மோட்டாருக்குள் இருப்பது அதுதான். 2025 ஏப்ரலில் சீனா அந்தக் காந்தத்தின் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு போட்டதும், நம் வண்டிக் கம்பெனிகள் டில்லிக்கும் பீஜிங்குக்கும் விண்ணப்பத்தோடு ஓடின. மணல் மணவாளக்குறிச்சியில் இருக்கிறது. காந்தம் கப்பலில் வர வேண்டும். பாண்டியன் துறைமுகத்துக் கணக்கர் இப்போது இருந்தால் ஒரே ஒரு கேள்விதான் கேட்பார்:

“வழியில செத்தா ஆரு பொறுப்பு?”