இரண்டெழுத்து வித்வான்

ரோமாபுரியின் காப்பிடோலின் குன்றிலே, 1471-ஆம் ஆண்டில் நான்காம் சிக்ஸ்டஸ் என்னும் போப்பாண்டவர் நகர ஜனங்களுக்குத் தானமளித்த வெண்கலச் சிற்பங்களிலிருந்து கிளைத்து வளர்ந்த அருங்காட்சியகத்துக்கு வந்து, பளிங்குச் சிலைகளின் முன் வாயடைத்து நின்றுவிட்டுப் போகும் சாதுக்களைப் பற்றி நமக்குப் பேச்சில்லை. சிலைகளை ஏறெடுத்தும் பாராமல், இரு மாளிகைகளைப் பூமிக்கடியில் இணைக்கும் சுரங்கப் பாதைக்கு நேரே இறங்கி, அங்கே வரிசையாக நிற்கும் சாசனக் கற்களைத் தேடிப் போகிறாரே, அந்த மகானுபாவரைத்தான் சொல்ல வந்தேன். அவர் எத்தேசத்தவராயினும், முதுகுக்குப் பின் கட்டிய கைகளையும், அவற்றுக்கும் பின்னால் சோர்ந்து வரும் மனைவியையும் மைத்துனரையும் கொண்டு அடையாளம் கண்டுகொள்ளலாம்.

அவருடைய லத்தீன் பாண்டித்தியம் இரண்டே எழுத்து. கல்லறைக் கல்லின் உச்சியில் 'டி', 'எம்' என்று வெட்டியிருந்தால் 'தீஸ் மானிபுஸ்', அதாவது 'பிதுர் தேவதைகளுக்கு' என்று அர்த்தம். இதை எங்கோ கற்றிருக்கிறார். அது சரியாகவும் இருந்து தொலைப்பதுதான் கூட வந்தவர்களின் துர்ப்பாக்கியம். ரோமானியர் ஓயாமல் இறந்துகொண்டும், அவர்களுடைய கல்தச்சர் ஓயாமல் சொற்களைச் சுருக்கிக்கொண்டும் இருந்தபடியால், அவ்விரண்டு எழுத்துக்களும் அடிக்கொரு தரம் எதிர்ப்பட, ஒவ்வொரு தரமும் அப்போதுதான் கண்டெடுத்தவர்போல விரல் நீட்டி வியாக்கியானம் செய்கிறார். கீழே, விடுதலை பெற்ற அடிமையொருவன் தன் மனைவி இத்தனை வருஷம், இத்தனை மாதம், இத்தனை நாள் வாழ்ந்தாள் என்று எண்ணி எண்ணி உருகியிருப்பான். "மற்றதெல்லாம் வழக்கமான சம்பிரதாயம்" என்று அவளை இரண்டாம் முறையாக அடக்கம் செய்துவிட்டு நம்மவர் நகர்வார்.

'உ' ஓசைக்கும் ரோமானியர் 'வி' என்ற வடிவத்தையே வெட்டினார்கள் என்பது அந்த இரண்டெழுத்தில் சேராத சங்கதி; ஆகவே அகஸ்டஸ் சக்கரவர்த்தியின் திருநாமம் அவர் வாயிலிருந்து 'அவ்க்வ்ஸ்த்வ்ஸ்' என்று தும்மலாகப் புறப்பட, மைத்துனர் கைக்குட்டையை நீட்டுகிறார். 'டி', 'எம்' இல்லாத கல் எதிர்ப்பட்டாலோ, சற்று ஆழ்ந்து யோசித்து, "பிற்காலத்துப் போலி" என்கிறார்.

அதே அருங்காட்சியகத்திலுள்ள மார்க்கஸ் அரேலியஸ் சக்கரவர்த்தியின் வெண்கலக் குதிரைச் சிலையை, கிறிஸ்தவ மதத்தைத் தழுவிய கான்ஸ்டன்டைனுடையது என்று இடைக்காலத்தார் பிழையாக நினைத்ததால் உருக்காமல் விட்டார்களாம். எழுத்து ஏதும் கண்ணில் படாததால் அது நம்மவரிடமிருந்தும் தப்பிற்று.

வெளியே வந்தோம். தெருவிலே சாக்கடை மூடி ஒன்றில், 'ரோமாபுரி செனட்டும் ஜனங்களும்' என்பதைக் குறிக்கும் 'எஸ் பி கியூ ஆர்' என்ற நான்கு எழுத்துக்கள், இன்றும் நகராட்சி வார்த்துப் பொறிப்பது. அவர் நின்றார், குனிந்தார், விரலை நீட்டினார்.

"இதுவும் பிதுர் தேவதைகளுக்குத்தானே?" என்றாள் மனைவி.