புதிய கிளாஸும் எண்வகை மெய்ப்பாடும்: ஓர் ஆய்வு

ஆய்வுப் பொருள்

'வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்' என்னும் இணைய விளையாட்டு 2004 நவம்பரில் வெளிவந்தது. அஸெரோத் என்னும் கற்பனை உலகுக்குள் நுழையும் ஒவ்வொருவரும் முதலில் தமக்கொரு கிளாஸைத் தேர்ந்துகொள்ள வேண்டும். அடி வாங்குவது, அடிப்பது, அடிபட்டவரைக் குணப்படுத்துவது ஆகிய மூன்று தொழில்களுள் எதை, எந்த ஆயுதத்தால், எந்த உடுப்பில் செய்வது என்பதை அது முடிவு செய்யும். தொடக்கத்தில் ஷாமன், மேஜ், ஹன்ட்டர், பாலடின், டிரூயிடு, வார்லாக் உள்ளிட்ட ஒன்பது கிளாஸ்கள் இருந்தன. பின்னர் டெத் நைட் (2008), மாங்க் (2012), டீமன் ஹன்ட்டர் (2016), இவோக்கர் (2022) என நான்கு சேர்ந்தன.

முதல் மூன்றும் கோடைக்கால ஒலிம்பிக்ஸ் நடந்த ஆண்டுகளிலேயே வந்திருப்பது நோக்கத்தக்கது. 2020-இல் புதிய கிளாஸ் வரவில்லை. ஒலிம்பிக்ஸும் அவ்வாண்டு நடக்கவில்லை. இரண்டுக்கும் உள்ள தொடர்பு தனி ஆய்வுக்குரியது என்பதால் இங்கே விடப்படுகிறது.

கருதுகோளும் அணுகுமுறையும்

புதிய கிளாஸைப் பற்றி ரசிகர் சொல்வதெல்லாம் உண்மையில் அவருடைய பழைய கிளாஸைப் பற்றியதே என்பது இவ்வாய்வின் கருதுகோள்.

உள்ளத்து உணர்ச்சி உடல்வழி வெளிப்படுவதைத் தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் எட்டாக வகுத்து, எட்டுக்கும் நந்நான்கு நிலைக்களன் காட்டுகிறது. ஆக முப்பத்திரண்டு. இணைய விளையாட்டு ரசிகருக்கு உடல் நாற்காலியோடு முடிந்துவிடுவதால், அவருடைய மெய்ப்பாடு விசைப்பலகை வழியே தோன்றுகிறது என்று கொள்ளப்பட்டது. தொல்காப்பியத்தை டெத் நைட்டோடு பொருத்திப் பார்த்த முன்னாய்வு எதுவும் கட்டுரையாளர் கண்ணில் படவில்லை. பட்டிருந்தாலும் இக்கட்டுரை எழுதப்பட்டிருக்கும்.

1. நகை

எள்ளல், இளமை, பேதைமை, மடன் ஆகிய நான்கும் நகைக்குக் களன்கள். இதற்குச் சான்று மாங்க். 2011 அக்டோபரில் தயாரிப்பு நிறுவனம் நடத்திய பிளிஸ்கான் விழாவில் மாங்க் கிளாஸும் பாண்டாரன் என்னும் கரடியினமும் சேர்ந்தே அறிவிக்கப்பட்டன. 'குங்ஃபூ பாண்டா' படத்தைக் காப்பியடித்துவிட்டார்கள் என்று எங்கும் சிரிப்பு. அந்தப் படம் 2008-இல் வந்தது. மதுக்குடம் சுமந்த பாண்டா வீரன் சென் ஸ்டார்ம்ஸ்டவுட்டோ 2003-இலேயே 'வார்கிராஃப்ட் 3' விரிவாக்கத்தில் வந்து அடித்துவிட்டுப் போயிருந்தான். எனவே இச்சிரிப்பு எள்ளலில் தொடங்கிப் பேதைமையில் முடிந்தது எனலாம். ஆண்டுவரிசையை எடுத்துக்காட்டிய பிறகும் சிலர் அதே நகைச்சுவையைத் தொடர்ந்தனர். பிடித்ததை விடாமையே மடன் என்பதால், நான்கு களன்களுள் மூன்று ஒரே கரடிக்குள் அடங்கிவிட்டன.

2. அழுகை

இளிவு, இழவு, அசைவு, வறுமை என்பவற்றால் அழுகை பிறக்கும். இழத்தலுக்கு ஷாமனைக் காட்டிலும் சிறந்த சான்று கிடைக்காது. குழுவினர் அனைவரையும் சிறிது நேரம் வெறிகொண்டு வேகமாகத் தாக்க வைக்கும் 'பிளட்லஸ்ட்' ஒரு காலத்தில் ஷாமனுக்கு மட்டுமே உரிய சொத்து. அதற்காகவே அவரை ரெய்டு என்னும் பெருங்குழுப் போருக்குக் கூப்பிட்டார்கள். பிறகு அதே பலனை மேஜுக்கு வேறு பெயரில் கொடுத்தார்கள். ஹன்ட்டர் வளர்க்கும் விலங்குக்கும் கொடுத்தார்கள். மனிதனிடம் இழந்ததையாவது தாங்கலாம். 2022-இல் இவோக்கர் பிறக்கும்போதே அதைக் கையோடு கொண்டுவந்தது. போதாக்குறைக்கு, ஷாமனும் ஹன்ட்டரும் மட்டும் பங்கிட்டுவந்த மெயில் கவசத்திலும் பங்கு கேட்டது. பாகப்பிரிவினைக்குப் பின் பிறந்த தம்பியைப் பார்க்கும் அண்ணனின் நிலை இது.

3. இளிவரல்

மூப்பு, பிணி, வருத்தம், மென்மை ஆகியன இளிவரலின் களன்கள். டிராகன் ஒன்றை ஆடலாம் என்ற செய்தி 2022 ஏப்ரலில் வந்தபோது, மலைபோன்ற உடம்பை ரசிகர்கள் எதிர்பார்த்தார்கள். வந்த இவோக்கரின் இனமோ டிராக்திர்: ஒல்லியான இடுப்பும் நீண்ட கழுத்துமாக. பெரும்பாலான கவசங்கள் அந்த டிராகன் உடம்பில் தெரியவுமில்லை. மனித வடிவுக்கு மாறினால்தான் தெரிந்தன. நான்கு களன்களுள் நான்காவதாக மென்மையை வைத்த ஆசிரியர், நெருப்பு கக்கும் இந்த ஒல்லி உருவை முன்பே உணர்ந்திருந்தார் என்று துணிய இடமுண்டு.

4. மருட்கை

புதுமை, பெருமை, சிறுமை, ஆக்கம் ஆகியவற்றால் வியப்பு தோன்றும். டீமன் ஹன்ட்டர் காற்றில் நின்றே இன்னொரு முறை குதிக்கும்; சிறகு விரித்து மிதந்து இறங்கும். கனத்த இரும்புக் கவசத்தோடு பன்னிரண்டு ஆண்டுகளாக நடந்தே பழகிய பாலடின் இதை நிமிர்ந்து பார்த்ததே மருட்கை. இதே கிளாஸில் சிறுமையும் உண்டு. மற்ற கிளாஸ்களுக்கு மூன்று பிரிவுகள், டிரூயிடுக்கு நான்கு என்றிருக்க, இதற்கு இரண்டே தரப்பட்டன. ஒரே பொருளைப் 'போதாது' என்றும் 'மிகை' என்றும் ஒரே நாளில் சொல்ல முடியும் என்பது இதனால் பெறப்படுகிறது.

5. அச்சம்

அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை என்பன அச்சத்தின் களன்கள். இவற்றுள் கள்வர் பற்றிய சான்று மிகப் பழையது. 1974-இல் வெளிவந்த 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்னும் மேசை விளையாட்டில் போர்வீரன், மந்திரவாதி, பூசாரி என மூன்றே கிளாஸ்கள். 1975-இல் 'கிரேஹாக்' என்ற துணைநூல் திருடனைச் சேர்த்தது. பூட்டுத் திறப்பதும் பூனைபோல் நடப்பதும் திருடனுக்கு உரிய திறன்கள் என்று விதி எழுதியவுடன், அதுவரை வாயால் சொல்லியே அவற்றைச் செய்துவந்த மற்றவர்களின் நிலை கேள்விக்குள்ளானது. ஒருவனுக்குத் திருட உரிமை கொடுத்தால் மற்றவர் அதை இழக்கிறார்கள். நம் கருதுகோளின் வேர் இதுவே.

அணங்குக்குச் சான்று டெத் நைட். மற்ற கிளாஸ்கள் முதலாம் லெவலில் தொடங்க, செத்துப் பிழைத்த இந்த வீரன் 55-ஆம் லெவலிலேயே தொடங்கினான். 2008 நவம்பரில் ஹெல்ஃபயர் தீபகற்பம் முழுவதும் டெத் நைட்கள் மொய்த்தனர். தூரத்து எதிரியைக் கழுத்தைப் பிடித்துத் தன்னிடம் இழுக்கும் 'டெத் கிரிப்' அவர்கள் கையில் இருந்தது. யாரும் தொடக்கூடாத எதிரியை யாரோ ஒருவர் இழுத்துவிட, குழு முழுவதும் மாண்ட வரலாறுகள் ஏராளம். தம் இறை என்பது இங்கே ஆட்டவிதிகளை மாற்றும் பேட்ச்களை வெளியிடும் நிறுவனத்தைக் குறிக்கும். வலிமையான கிளாஸை ஆடுபவர், அடுத்த பேட்ச்சில் நெர்ஃப் என்னும் வலிமைக் குறைப்பு வருமோ என்று நடுங்குவது இவ்வகை.

6. பெருமிதம்

கல்வி, தறுகண், புகழ்மை, கொடை ஆகியன பெருமிதம் தருவன. ஆட்டம் வெளிவருமுன்பே அதை எப்படி ஆடவேண்டும் என்று வழிகாட்டி எழுதுபவர் கல்வியால் பெருமிதம் கொள்கிறார். புகழ்மைக்குச் சான்று பெயர் சூட்டல். இல்லிடான் என்னும் டீமன் ஹன்ட்டர் தலைவனை 2007-இல் பிளாக் டெம்பிளில் வாராவாரம் கொன்று பொருள் பறித்தவர்களே, 2016-இல் டீமன் ஹன்ட்டராகி அவன் பெயரைச் சூட்டிக்கொள்ளப் போட்டியிட்டார்கள். ஒரு சர்வரில் ஒரு பெயர் ஒருவருக்கே என்பதால், எழுத்துக்கு மேல் புள்ளியும் கோடும் போட்டுப் பல இல்லிடான்கள் பிறந்தார்கள்.

கொடைக்குச் சான்று, 2023 ஜூலையில் இவோக்கருக்குச் சேர்ந்த 'ஆக்மென்டேஷன்' பிரிவு. இது தன் அடியைவிடத் தோழர்களின் அடியைப் பெருக்குவதையே தொழிலாகக் கொண்டது. முல்லைக்குத் தேர் கொடுத்த பாரியின் வழி. ஆனால் பாரிக்கு இல்லாத ஒரு சிக்கல் இதற்கு இருந்தது: ஒவ்வொருவர் அடியையும் கணக்கிடும் டேமேஜ் மீட்டர். கொடுத்த அடி வாங்கியவர் கணக்கில் ஏறியது. கொடுத்தவர் பட்டியலின் அடியில் கிடந்தார். அந்தப் புள்ளிகள் யாருடையவை என்று பெரும் வாதம் நடந்தது. வள்ளலின் கணக்கைத் தணிக்கை செய்தால் கொடை என்னாகும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று இல்லை.

7. வெகுளி

உறுப்பறை, குடிகோள், அலை, கொலை என்பவற்றால் சினம் பிறக்கும். உறுப்பை அறுத்தல் என்பதை முதலில் வைத்தது தற்செயலன்று. வார்லாக்கின் டெமனாலஜி பிரிவுக்கு 2008 முதல் 'மெட்டமார்ஃபசிஸ்' இருந்தது. கொம்பும் சிறகும் முளைத்து அரக்கனாக மாறும் திறன் அது. 2016-இல் டீமன் ஹன்ட்டர் வந்தபோது அதை வார்லாக்கிடமிருந்து எடுத்து, அதே பெயரோடு புதியவருக்குப் பொருத்தினார்கள். கொம்பை இழந்தவர்கள் வெகுண்டார்கள். அரக்கரை ஏவுபவன் கொம்பை இழக்க, அரக்கரைக் கொல்பவன் அதைச் சூடியது வெந்த புண்ணில் வேல் பாய்ச்சியது.

8. உவகை

செல்வம், புலன், புணர்வு, விளையாட்டு ஆகிய நான்கும் உவகையின் களன்கள். புதிய கவசம் கிடைத்த செல்வ உவகைக்குச் சான்று உண்டு. மிதந்து இறங்குவதன் புலன் இன்பத்துக்கும், கில்டுத் தோழரோடு சேர்ந்து ஆடும் புணர்வு இன்பத்துக்கும் உண்டு. முப்பத்திரண்டாவதும் இறுதியுமான விளையாட்டுக்கு மட்டும் போதிய சான்று கிட்டவில்லை. விளையாட்டைப் பற்றிய இவ்வளவு பேச்சில் விளையாட்டு மட்டும் காணாமல் போனதைக் கண்டு ஆய்வு சற்றே திகைத்தது. காரணம் எளிது. அந்த உவகையில் இருப்பவர்கள் கருத்துச் சொல்வதில்லை, ரெய்டில் இருக்கிறார்கள். மெய்ப்பாட்டை அவர்கள் மெய்யில் வைத்துக்கொண்டார்கள். விசைப்பலகை அவர்களுக்கு வேறு வேலைக்குத் தேவைப்பட்டது.

முடிபுகள்

ஒன்று: கருதுகோள் மெய்ப்பிக்கப்பட்டது. ஷாமன் அழுதது வெறிக்காக, வார்லாக் வெகுண்டது கொம்புக்காக. டிராகனையோ டீமன் ஹன்ட்டரையோ அவர்கள் பார்த்ததற்குச் சான்றில்லை.

இரண்டு: புதிய கிளாஸின் வலிமையை அறிய அதை ஆடிப் பார்க்கத் தேவையில்லை. பழைய கிளாஸ்களுள் எத்தனை அலறுகின்றன என்று எண்ணினால் போதும். ஒருவரும் அலறவில்லையெனில் அந்த கிளாஸுக்காக இரங்கலாம்.

மூன்று: அடுத்த கிளாஸ் எந்த ஆண்டு வரும், வாளோடு வருமா வில்லோடு வருமா என்பதை இவ்வாய்வால் சொல்ல இயலாது. ஷாமனிடமிருந்து எதை எடுத்துக்கொண்டு வரும் என்பதே அடுத்த ஆய்வாளர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி.