கடல் கடந்த வீட்டுக்குக் குடித்தனக்காரர்

கேள்வி: லண்டன் ஹாரோவில் உள்ள வீட்டை முதல்முறையாக வாடகைக்கு விட்டுவிட்டு ஊர் திரும்புகிறோம். எதில் கவனம் வேண்டும்?
– வாசகி, திருச்சி

பதில்: முதலில், நம்மூர்ப் பத்து மாத அட்வான்ஸை மறந்துவிடுங்கள்! ஆண்டு வாடகை 50,000 பவுண்டுக்குள் என்றால், முன்பணம் ஐந்து வார வாடகையைத் தாண்டக் கூடாது. அதையும் 30 நாளுக்குள் அரசு அங்கீகரித்த பாதுகாப்புத் திட்டத்தில் பதிய வேண்டும். பாய்லர், கேஸ் அடுப்புக்கு ஆண்டுதோறும் பாதுகாப்புச் சான்று கட்டாயம். வெளிநாட்டில் இருந்தபடி முழு வாடகையையும் பெற, பிரிட்டிஷ் வரித்துறையிடம் முன்னதாகவே விண்ணப்பியுங்கள்; இல்லையேல் ஏஜென்ட் 20 சதவீதம் வரி பிடிப்பார். சாவி கொடுக்கும்முன் சுவர்க் கீறல், கார்பெட் கறைவரை படமெடுத்து, நீங்களும் குடித்தனக்காரரும் கையெழுத்திடுங்கள். நல்ல குடித்தனக்காரர் அமைந்தால் வாடகையை ஏற்ற அவசரப்படாதீர்கள். சம்பளம் வாங்காமல் உங்கள் வீட்டைக் காப்பவர் அவர்தான்!