தொலைவில்லை இயல்: திருப்பூர் ஞாயிற்றுக்கிழமைகளை முன்வைத்து ஓர் ஆய்வு

1. ஆய்வின் தேவை

சனிக்கிழமை சம்பளம் வாங்கும் ஊரில் ஞாயிற்றுக்கிழமைக்கென்று தனித் தத்துவம் ஒன்று உருவாவது இயற்கை. கறிக்கடை, சினிமா, கோயில் ஆகிய மூன்றையும் முன்னோர் போதுமான அளவு ஆராய்ந்துவிட்டனர். நான்காவதாக, நஞ்சராயன் குளத்துக் கரையில் கேமராவும் கையுமாக நிற்போரைப் புலவருலகம் கண்டுகொள்ளவில்லை. அக்குறை தீர்க்க எழுந்தது இக்கட்டுரை.

ஆய்வுக்குரிய மாந்தர் யாரெனில்: பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசராகவோ கட்டிங் மாஸ்டராகவோ இருப்பவர், தீபாவளி போனஸில் தொடக்கநிலை டி.எஸ்.எல்.ஆர். ஒன்று வாங்கியவர், அதோடு வந்த 18-55 லென்ஸில் நாமக்கோழியைப் படமெடுத்து, வீட்டில் காட்டியபோது “கோழி எங்கீங்க?” என்று கேட்கப்பட்டவர்.

2. ஆய்வுக் களம்

ஊத்துக்குளி சாலையில் சர்க்கார் பெரியபாளையத்தை ஒட்டி, நல்லாற்று நீரை வாங்கிக் கிடக்கிறது இக்குளம். பரப்பு சுமார் 125 ஹெக்டேர். 2022இல் தமிழகத்தின் 17ஆவது பறவைகள் சரணாலயம் ஆயிற்று. 2024 ஆகஸ்டில் ராம்சார் பட்டியலிலும் ஏறிற்று. நாமக்கோழி, புள்ளிமூக்கு வாத்து, நாரை வகைகள் எல்லாம் உண்டு. வரித்தலை வாத்தும் வந்து போயிருக்கிறது. அது இமயமலையைத் தாண்டி வரும் பறவை; ஆனால் கடைசி 100 மீட்டரைத் தாண்டி நாம் நிற்கும் கரைக்கு மட்டும் வராது. டெலிபோட்டோ என்னும் தொலைவில்லையின் வியாபாரம் முழுவதும் இந்த 100 மீட்டரின் மேல்தான் நடக்கிறது.

3. மூவகைக் கொள்கையினர்

முதலாமவர் மில்லிமீட்டர்வாதிகள். லென்ஸின் குவியத் தூரத்தில் 250ஐ விட 300 பெரிது, 300ஐ விட 600 பெரிது என்பது இவர்களுடைய மூல சூத்திரம். கணக்குப் பிழையற்றது; முடிவுதான் பொருந்தாது. என்னை? கேனானின் 75-300 III லென்ஸில் கைநடுக்கத்தைத் தணிக்கும் ஐ.எஸ். கிடையாது, 55-250 எஸ்.டி.எம்.மில் உண்டு. கேனானின் தொடக்கநிலை கேமராக்களில் சென்சார் சிறியது என்பதால் 250 மி.மீ. என்பது 400 மி.மீ. அளவுக்கு நெருக்கம் காட்டும். கைநடுக்கமும் அதே அளவு நெருங்கி வரும். கையில் பிடித்து எடுக்க ஷட்டர் வேகம் 1/400 வினாடியாவது வேண்டும் என்பது பழைய விதி, ஐ.எஸ். இருந்தால் விதி தளரும். அற்றேல், பறக்கும் நாரையையும் ஐ.எஸ். நிறுத்துமோ எனின், நிறுத்தாது. அது நம் கையை மட்டுமே அறியும்.

இரண்டாமவர் ஒளிவாதிகள். எஃப் 2.8 இல்லாத லென்ஸைக் கையாலும் தொடார். எஃப் எண் ஏறினால் துவாரம் ஏன் சுருங்குகிறது என்று மற்ற ஊர்க்காரர் தலையைப் பிய்த்துக்கொள்வர். திருப்பூரார்க்கு அந்தத் துன்பம் இல்லை. நூல் கவுண்ட் அறிந்தவர் அல்லரோ! ஒரு பவுண்டு நூலில் 840 கெஜச் சிட்டம் எத்தனை தேறுகிறதோ அதுவே கவுண்ட். 30ஐ விட 40 மெல்லிய நூல். எஃப் எண்ணும் அவ்வாறே. குவியத் தூரத்தைத் துவாரத்தின் விட்டத்தால் வகுத்து வருவதால், எண் பெருகப் பெருகத் துவாரம் சிறுக்கும். எஃப் 4 விடும் வெளிச்சத்தில் பாதிதான் எஃப் 5.6 விடும். 55-250ஐ முழுக்க நீட்டினால் கிடைப்பது இந்தப் பாதியே. விடியற்காலையில் ஒளியுணர்திறனாகிய ஐ.எஸ்.ஓ.வை 800, 1600 என்று ஏற்றிச் சமாளிக்க வேண்டும். படத்தில் கொஞ்சம் புள்ளி தட்டும். 2.8 உள்ள 70-200 வாங்கப் புகுந்தாலோ கேமராவின் விலை போலப் பல மடங்கு தட்டும்.

மூன்றாமவர் நடைவாதிகள். இவர்களுடைய சாத்திரம் சிறிது, சான்று வலிது. நாமக்கோழியின் நீளம் சுமார் 40 செ.மீ. 100 மீட்டரில் நிற்கும் கோழி, 250 மி.மீ. லென்ஸ் வழியே சென்சாரில் 1 மி.மீ. நீளத்துக்கு விழும். சென்சாரின் அகலமோ 22 மி.மீ. கரையோரமாக 50 மீட்டர் நெருங்கினால் கோழி 2 மி.மீ. ஆகிவிடும். ஆகவே 50 மீட்டர் நடந்தவர் 500 மி.மீ. லென்ஸ் வாங்கியவருக்குச் சமம். செலவு செருப்புத் தேய்மானம் மட்டுமே. கோழிக்கும் நீந்தத் தெரியுமே எனின், அதற்கும் விடை உண்டு: நடந்துபோய், சத்தமில்லாமல் உட்கார்ந்துவிட வேண்டும். அரை மணி நேரம் செல்போனை எடுக்காமல் உட்காரத் திருப்பூரில் எத்தனை பேரால் இயலும் என்பது இவ்வாய்வின் எல்லைக்கு அப்பாற்பட்டது.

4. கடைப் படலம்

களத்தில் பதிவான உரையாடல் வருமாறு:

“அண்ணா, பறவை எடுக்க எந்த லென்ஸுங்க நல்லாருக்கும்?”

“பட்ஜெட் எவ்வளவுங்க?”

“அதப் பாத்துக்கலாமுங்க. நீங்க லென்ஸச் சொல்லுங்க.”

“பட்ஜெட்டச் சொன்னாத்தானுங்க லென்ஸு.”

இத்தருக்கம் முடிவின்றிச் சுழல்வது. இதிலிருந்து தப்ப ஒரே வழி சோதனை. லென்ஸை மாட்டி, முழுக்க நீட்டி, எதிர்க்கடைப் பலகையின் பொடி எழுத்தைப் படமெடுத்து, திரையில் பெரிதாக்கிப் பார்க்க வேண்டும். டியூப்லைட்டின் கீழ் பீஸ் செக்கிங்கில் ஓட்டையும் டிராப் ஸ்டிச்சும் பிடித்த கண்ணுக்கு, எழுத்தின் ஓரம் கலங்கியிருப்பது உடனே தெரிந்துவிடும்.

நிக்கான் குலத்தார்க்குத் தனி எச்சரிக்கை உண்டு. டி3500 போன்ற கேமரா உடல்களில் ஃபோகஸ் மோட்டார் இல்லை, பழைய ஏ.எஃப்.-டி லென்ஸ்களைக் கையால்தான் திருப்ப வேண்டும். புதிய ஏ.எஃப்.-பி லென்ஸோ டி3100, டி5100 போன்ற பழைய உடல்களில் ஃபோகஸே ஆகாது. ஏ.எஃப்.-பி 70-300 இருவகைப்படும். நடுக்கம் தணிப்பது வி.ஆர். என்னும் அடைமொழி பெற்றது மட்டுமே. செகண்ட் ஹேண்டில் மலிவாகக் கிடைக்கிறதே என்று பாய்வோர் முதலில் இந்த எழுத்துக்களைக் கூட்டிப் படிக்க.

5. துணிபு

தொடக்கநிலைக் கேமராவுக்கு, ஐ.எஸ். உள்ள 55-250ஓ அதன் நிக்கான் பங்காளியான வி.ஆர். 70-300ஓ போதும். மிச்சத் தொலைவைக் கால்களும் பொறுமையும் ஈடுகட்டும். 375 கிராம் எடையுள்ள 55-250 எஸ்.டி.எம்.மைக் கழுத்தில் தொங்கவிட்டபடியே டீயும் குடிக்கலாம்.

இத்தனைக்குப் பிறகும் 150-600 தான் வேண்டும் என்பவரைத் தடுப்பது இவ்வாய்வின் நோக்கமன்று. சிக்மாவின் இலகு ரகமே 1,930 கிராம். எங்கேனும் வாடகைக்குக் கிடைத்தால், அதை ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியலில் கையில் ஏந்தி, நாமக்கோழி தலையை நிமிர்த்தும் வரை அசையாமல் நிற்கட்டும். வெயில் ஏறுமுன் இக்கட்டுரையின் அடுத்த அத்தியாயத்தை அவரே எழுதிக் கொடுத்துவிடுவார். எழுதக் கை வந்தால்.