சோற்றுக்குத் துணையாக ஒரு வெள்ளரிக்காய்

இரத்தப் பரிசோதனைத் துண்டைப் பார்த்த டொக்டர், "சோத்தக் குறைங்க, வெள்ளரிக்காய் நிறைய சாப்பிடுங்க" என்றார். இரண்டு கட்டளைகள். இரண்டாவது எனக்கு மிகவும் பிடித்துப்போனது. ஒரு நேரத்தில் ஒரு சீர்திருத்தம் என்பது என் கொள்கையாதலால் முதலாவதை ஒத்திவைத்தேன்.

இரத்தினபுரிச் சந்தையில் பை நிறைய வாங்கிக்கொண்டு திரும்பும்போது நல்ல மழை. ஆண்டுக்கு 3,500 மில்லிமீற்றருக்கு மேல் கொட்டுகிற ஊர், அதிசயமில்லை. வீட்டுக்கு வந்ததும், உயர்தரத்தில் உயிரியல் படிக்கிற மகள் குண்டைப் போட்டாள்: "அப்பா, வெள்ளரிக்காயில 100க்கு 95 பங்கு தண்ணிதான்." வானம் சும்மா தருவதைக் கிலோக் கணக்கில் காசு கொடுத்து வாங்கி, நனைந்துகொண்டே சுமந்து வந்திருக்கிறேன்.

மிச்சம் 5 பங்கில் என்னதான் இருக்கிறது? தோலோடு 100 கிராம் தின்றால் 15 கலோரி, 150 மில்லிகிராம் அளவில் பொட்டாசியம், 16 மைக்ரோகிராம் விட்டமின் கே, அரைக் கிராம் நார்ச்சத்து. விட்டமின் கே இரத்தம் உறைய உதவுமாம். பொட்டாசியம் பிரஷருக்கு நல்லதாம். எனக்கு அந்த 15தான் கண்ணில் பட்டது.

தோட்டத்து ஆபீசில் செக்ரோல் எழுதிய கிளாக்கர் நான். உடனே கணக்குப் போட்டேன். 300 கிராம் காய் 45 கலோரி. அதே எடைச் சோறு 390. ஆக, வேளைக்கு 345 கலோரி மிச்சம். மிச்சத்தை வரவில் எழுதினேன். சோற்றையும் வழக்கம்போல் சாப்பிட்டேன்.

வெறுங்காய் இறங்குமா? நுனியை வெட்டி, வெட்டிய துண்டாலேயே வெள்ளை நுரை வரும்வரை தேய்த்தேன். அதற்குள் மனைவி தோலைச் சீவிவிட்டாள். "சத்தே தோல்லதான் இருக்கு!" என்று கத்தினேன். "கசப்பும் அங்கதான் இருக்கு" என்றாள். வில்லை வில்லையாக அரிந்து, வெங்காயம், பச்சை மிளகாய், இடித்த மாசி, தேசிக்காய்ப் புளி எல்லாம் சேர்த்து, கெட்டித் தேங்காய்ப்பாலை ஊற்றி, தாராளமாக உப்பும் போட்டேன்.

"என்னாங்க, அந்தப் பால் 100 கிராமுல 230 கலோரி இருக்குன்னு புள்ள சொல்லுது. போதாததுக்கு உப்பு வேற. பிரஷருக்கு மருந்தும் நீங்கதான், வருத்தமும் நீங்கதான்."

வழக்கில் தோற்றேன். தீர்ப்பும் அவளே எழுதினாள்: பால் இல்லை, உப்பு இல்லை, தேசிக்காய் மட்டும், காய் முழுவதும் உள்ளே போன பிறகே சோற்றுப் பானையின் மூடி திறக்கும். வயிறு கலோரியை எண்ணாது, எடையையும் அளவையும்தான் பார்க்கும் என்று மகள் விளக்கம் சொன்னாள். வெள்ளரிக்காயின் கெட்டித்தனமே அதுதானாம்; தான் கொடுப்பது கொஞ்சம், ஆனால் சோற்றின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும்.

முறை பலித்தது. முதல் நாளே சோறு பாதிக்கு மேல் இறங்கவில்லை. மனைவிக்குப் பெருமை தாங்கவில்லை. அவள் பாத்திரம் கழுவப் போன நேரத்தில் எருமைத் தயிரில் கொஞ்சம் கித்துள் பாணி ஊற்றிச் சாப்பிட்டேன். அதைப் பத்தியக் கணக்கில் சேர்க்க முடியாது. கித்துள் பாணி எங்கள் சப்ரகமுவவின் பெருமை. ஊர்ப்பற்று என்று தனித் தலைப்பில் எழுதிவிட்டேன்.