கொடுத்திருக்கணும் சார்!

மத்திகிரி கூட்ரோட்டில் காலை ஆறே முக்காலுக்கு டீ குடிக்கப் போகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. அன்றைய பேப்பரில் விருதுச் செய்தி ஏதாவது வந்திருந்தால் டீயைப் பார்சல் கட்டிக்கொண்டு திரும்பிவிடுங்கள். பெஞ்சில் உட்கார்ந்தால் மாட்டிக்கொள்வீர்கள்.

பெஞ்சின் சுவரோர முனையில், சித்திரை மாதமானாலும் மங்கி குல்லாவோடு இருப்பவர்தான் நம்மவர். சிப்காட் கம்பெனி ஒன்றில் முப்பது வருஷம் க்யூ.சி.யில் இருந்து ரிட்டையர் ஆனவர். துளையின் அளவைப் பார்க்கிற பிளக் கேஜுக்கு ஒரு முனை ‘கோ’, மறு முனை ‘நோ கோ’. கோ உள்ளே நுழைய வேண்டும், நோ கோ நுழையக் கூடாது. நுழைந்தால் ரிஜெக்ட். முப்பது வருஷம் இதையே செருகிச் செருகி எடுத்தவருக்கு, உலகத்தில் மூன்றாவதாக ஒரு முனை இருக்கலாம் என்பதே மறந்துவிட்டது.

இவரைப் போல ஊருக்கு ஒருவர் உண்டு. மயிலாப்பூர்க்காரராக இருந்தால் சங்கீத கலாநிதியோடு நின்றுவிடுவார். மத்திகிரி பெஞ்சிலோ தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் தோளோடு தோள் இடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கின்றன. அதனால் இவருடைய வழக்குகள் எந்த மாநில எல்லைக்குள்ளும் அடங்குவதில்லை. யாருக்கு எந்த விருது வந்தாலும் தீர்ப்பு ஒன்றுதான்: “அவருக்கில்ல சார், இவருக்குக் கொடுத்திருக்கணும்.”

2019இல் தமிழ்நாடு அரசு, 2011 முதல் 2018 வரையிலான எட்டு வருஷத்துக் கலைமாமணியையும் மொத்தமாகச் சேர்த்து 201 பேருக்கு அறிவித்தது. நம்மவருக்கு ஒரு வாரம் தூக்கமில்லை. “எட்டு வருஷ அரியர்ஸ்! எங்க கம்பெனி வேஜ் செட்டில்மென்ட்கூட இவ்வளவு இழுத்ததில்ல சார்” என்றார். பிறகு ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி, 201 பேரையும் கோ, நோ கோ என்று கோடு போட்டுப் பிரித்தார். அந்த நோட்டை நான் பார்த்திருக்கிறேன். இரண்டு பக்கமும் சேராமல் நடுவில் சிலர் இருந்தார்கள். ‘ரீவொர்க்’ என்று எழுதியிருந்தது.

ஆனால் அதெல்லாம் சில்லறை வழக்கு. அவருடைய உச்ச நீதிமன்ற வழக்கு, 2004ஆம் வருஷத்து டோனி விருது.

நியூயார்க் பிராட்வே நாடகங்களுக்கு 1947 முதல் கொடுத்துவருகிற விருது அது. ஏ.ஆர். ரகுமான் இசையமைத்த ‘பாம்பே ட்ரீம்ஸ்’ 2002இல் லண்டனில் அரங்கேறி, 2004 ஏப்ரலில் பிராட்வேக்குப் போனது. ‘உயிரே’ படத்தில் ஊட்டி ரயிலின் கூரைமேல் ஆடினார்களே, அந்த ‘தையா தையா’ மெட்டும், ‘முதல்வன்’ படத்து ‘ஷக்கலக்க பேபி’யும் அமெரிக்க மேடை ஏறின. டோனிக்கு மூன்று பரிந்துரைகள்: நடனம், உடை, ஆர்க்கெஸ்ட்ரேஷன். மூன்றும் கைநழுவின. சிறந்த இசை நாடகம் என்கிற பெரிய விருதுக்கான நான்கு நாடகங்களின் பட்டியலில் பெயரே இல்லை. 284 காட்சிகளோடு, 2005 புத்தாண்டு அன்று மூட்டை கட்டிவிட்டார்கள்.

“துணிக்கு நாமினேஷன். டான்ஸுக்கு நாமினேஷன். வாத்தியத்தைப் பிரிச்சு எழுதினவருக்கு நாமினேஷன். மெட்டுப் போட்டவருக்கு? கல்யாணத்துல மாப்பிள்ளையைத் தவிர எல்லாருக்கும் மாலை போட்டாப்ல!”

பெஞ்சில் இருக்கும் ரோஜாத் தோட்டக்காரர் தெலுங்கு பேசுகிறவர், சாந்த சொரூபி. “சரி அன்னா, ஜெயிச்சது யாரு?” என்று கேட்டுவிட்டார். இந்தக் கேள்வியை மட்டும் அவரிடம் கேட்கக் கூடாது.

“பொம்ம!” என்றார் நம்மவர்.

‘அவென்யூ க்யூ’ என்ற அந்த நாடகத்தில் நடிகர்கள் பொம்மையைக் கையில் மாட்டிக்கொண்டு, மறையாமல் மேடையிலேயே நின்று பாடுவார்கள். “நம்ம பொம்மலாட்டக்காரர் தலையில இரும்பு வளையத்தை மாட்டி, அதுல கயித்தைக் கட்டி, ரெண்டு கையாலயும் கம்பியைப் பிடிச்சு, சொந்த மூஞ்சியையே காட்டாம விடிய விடிய ஆட்டுறாரு. அவருக்கு எவன் சார் கொடுத்தான்?”

“அப்ப பொம்மலாட்டத்துக்குக் கொடுத்தது நல்லதுதானே அன்னா? நம்ம கலைக்குக் கொடுத்த மாதிரி?”

நம்மவர் கிளாஸை இரண்டு சுற்றுச் சுற்றி அடி டீயைக் குடித்தார். “கலை கோ. பொம்ம நோ கோ.”

அந்த வருஷம் பெரிய விருதைக் கோட்டைவிட்ட பெரிய புள்ளி ‘விக்கட்’. பத்துப் பரிந்துரை, மூன்று விருது. நம்மவர் நியாயமாக அதன் பக்கம் நிற்க வேண்டியவர். ஆனால் உடைக்கான விருதை ‘பாம்பே ட்ரீம்ஸ்’ கையிலிருந்து தட்டிக்கொண்டு போனது விக்கட்தான் என்பதால் பங்காளிப் பகை. போதாக்குறைக்கு, ‘பாம்பே ட்ரீம்ஸ்’ ஓடிய லண்டன் அப்போலோ விக்டோரியா அரங்கில் 2006 முதல் விக்கட் ஓடுகிறது. “நாம காலி பண்ணின வீட்டுல இன்னமும் குடித்தனம் நடத்துறாங்க சார்.” ஜெயித்த பொம்மை நாடகம் 2019இல் ஓய்ந்துவிட்டது. தோற்றது இன்னும் அரங்கு நிறைகிறது. தோற்பது உடம்புக்கு நல்லது போலிருக்கிறது.

இதில் எதையாவது நீங்கள் நேரில் பார்த்ததுண்டா என்று ஒரு நாள் கேட்டுவிட்டேன். மருமகன் பெங்களூரிலிருந்து வாங்கிவந்த ஒரு சிடி, அவ்வளவுதான். அதற்காக அவர் கூச்சப்படவில்லை. “ஃபோர்ஜிங் அடிக்கிற இடத்துக்கெல்லாம் நான் போனேனா? கைக்கு வந்த பீஸைத்தானே அளந்தேன்!”

அட்டிபெலேயில் வேலை பார்த்து ஓய்ந்த கன்னடக்காரர் மட்டும்தான் இவருக்குச் சரியான ஜோடி. “நம்ம குப்பி வீரண்ணா குருக்ஷேத்திர நாடகத்துல நெஜ ஆனை, நெஜ குதிரையை மேடை ஏத்தினாரு குரு. உங்க பிராட்வே ஏத்துமா?” என்றார். நம்மவர் விடுவாரா? ராணுவக் குதிரை வளர்க்க 1824இல் வெள்ளைக்காரன் ஆரம்பித்த பண்ணை மத்திகிரியில்தான் இருக்கிறது. இப்போது அது கால்நடைப் பண்ணை. ஆகவே வீரண்ணாவின் குதிரை இங்கே பிறந்த குதிரை, ஆகவே விருதில் பாதி மத்திகிரிக்கு! சான்று ஒன்றும் கிடையாது. பெஞ்சில் தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. ரோஜாக்காரர் 1885இல் தொடங்கிய சுரபி நாடகக் குழுவை நினைவூட்ட வாய் திறந்தார். அதற்குள் அவருக்குப் பூ வண்டி வந்துவிட்டது.

அந்தக் காலத்து நாடக மேடைப் பாடகர் எஸ்.ஜி. கிட்டப்பாவுக்கு டோனி கொடுத்திருக்க வேண்டும் என்பது அவர் வைத்திருக்கும் இன்னொரு மனு. கிட்டப்பா காலமானது 1933, டோனி பிறந்தது 1947 என்று சொன்னேன். “அதைத்தான் சார் சொல்றேன். லேட்டா ஆரம்பிச்சது யார் தப்பு?”

இவ்வளவு பேசுகிறவர் கூத்துக்குப் போவாரா என்று கேட்டால், போவார். தர்மராஜா கோயில் பாரதம் போட்டால் பாய், போர்வையோடு முதல் வரிசைக்கு முதல் ஆளாக வந்துவிடுவார். கட்டியங்காரன் விகடம் முடிவதற்குள் குறட்டை. துரியோதனன் திரைக்குப் பின்னால் சலங்கையை உதறினால் மட்டும் தானாக விழித்துக்கொள்வார்.

போன வருஷம் நானும் பக்கத்துப் பாயில் இருந்தேன். பின்னிரவு, முகவீணை உச்சத்தில். துரியோதனன் சுற்றி வந்த வேகத்தில் எங்கள் மேலெல்லாம் புழுதி. நம்மவர் சட்டென எழுந்தார். இடது புஜக்கட்டை அரை இஞ்ச் இறங்கியிருப்பதைச் சொல்லப்போகிறார் என்று பயந்தேன். மேல்துண்டு முனையை அவிழ்த்து ஒரு நூறு ரூபாய் எடுத்துக் கட்டியங்காரன் கையில் கொடுத்துவிட்டு வந்தார். ஆட்டத்தை நிறுத்திக் கட்டியங்காரன் மைக்கில், இன்னார் துரியோதன மகாராஜாவுக்கு நூறு ரூபாய் அன்பளிப்பு என்று ஊருக்கே சொன்னான். பெயர் தப்பு. அதைவிட, ‘க்யூ.சி., ரிட்டையர்டு’ என்பது வரவே இல்லை.

மறுநாள் காலை பெஞ்சில் அந்த வழக்குதான். “என் பேரைச் சரியாச் சொல்லியிருக்கணும் சார்.”

அடுத்த பாரதம் போட்டால் நீங்களும் வாருங்கள். ராத்திரி பத்துக்கு ஆரம்பம், நுழைவுச் சீட்டு கிடையாது. அன்பளிப்பு கொடுப்பதாக இருந்தால் பெயரைத் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுங்கள். மங்கி குல்லாவிலிருந்து மட்டும் நாலு பாய் தள்ளி உட்காருங்கள்.